சிவப்பை எடுத்துவிட்டுப் பச்சை பியூஸ் போட்டவர்களுக்கு

போன வாரம் ஒரு 150 சிசி பைக்கைக் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு வந்து கடை வாசலில் இறக்கினார்கள். டேங்க்கைக் கழற்றினேன். உள்ளே ஒயரிங் கிட், அதாவது வண்டியின் மொத்த ஒயர்க் கட்டு, என்று ஒன்று இருந்த அடையாளம்தான் மிச்சம். எந்த ஒயர் என்ன நிறம் என்றே தெரியாமல் எல்லாம் உருகி ஒரே கயிறாக ஒட்டிக்கிடந்தது. வண்டிக்காரத் தம்பி கல்லூரி மூன்றாம் வருடம். "சாவிகூட போடலண்ணே, சும்மா நின்னுக்கிட்டிருந்த வண்டிண்ணே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். காலையில் கோலம் போட வந்த அவருடைய அம்மாதான் புகையைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு வேலைக்குக் கொட்டியிருந்த மணலை அள்ளி வீசி அணைத்திருக்கிறார். அந்த அம்மா இல்லையென்றால் டேங்க்கில் இருந்த பெட்ரோலைப் பற்றி நான் இங்கே எழுத வேண்டியிருந்திருக்கும்.

இந்த வருடத்தில் என் கைக்கு வந்த நான்காவது கரிந்த கிட் இது. நான்கிலும் கதை ஒன்றுதான். அதனால்தான் இந்தக் கட்டுரை. இருபது வருடத்துக்கு மேலாக வண்டி எலக்ட்ரிக்கல் வேலைதான் பார்க்கிறேன். எழுத்து என் தொழில் இல்லை, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி செய்தது இதுதான். ஆன்லைனில் இரண்டு எல்இடி பாக் லைட், ஒரு ஜோடி ஹாரன், ஒரு மொபைல் சார்ஜர் வாங்கியிருக்கிறார். ஒரு வீடியோவைப் பார்த்து, பேட்டரியிலிருந்து ஒரே ஒயர் இழுத்து, மூன்றையும் அதிலேயே முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டார். வீடியோவில் சொன்னபடி சிவப்பு பியூஸும் போட்டார். அதுவரை சரி. பாக் லைட் இரண்டும் சேர்ந்து 40 வாட், அதாவது 3 ஆம்பியர் சொச்சம். ஹாரன் ஒவ்வொன்றும் 5 ஆம்பியர் இழுக்கும். கூட்டினால் 13 ஆம்பியருக்கு மேல். சிவப்பு பியூஸ் 10 ஆம்பியர். நாலைந்து நாளுக்கு ஒன்று போய்க்கொண்டே இருந்திருக்கிறது. கடையில் கேட்டிருக்கிறார், "இதவிடப் பெருசு இருக்கா?" பச்சையைக் கொடுத்திருக்கிறார்கள். அதன்பிறகு பியூஸ் போகவே இல்லை.

போகாது. பச்சை 30 ஆம்பியர்.

இந்த இடத்தில்தான் எனக்குப் பொறுமை போய்விடுகிறது, எனவே நிதானமாகச் சொல்கிறேன். பியூஸ் லைட்டைக் காப்பாற்ற இல்லை. ஹாரனைக் காப்பாற்றவும் இல்லை. ஒயரைக் காப்பாற்ற மட்டும்தான். ஒயர் எவ்வளவு தாங்குமோ அதைப் பார்த்துத்தான் பியூஸ் போட வேண்டும். ஹாரன் எவ்வளவு சத்தம் போடுகிறது, பியூஸ் எத்தனை தடவை போகிறது என்பதையெல்லாம் பார்த்து இல்லை. மெல்லிய ஒயரில் 30 ஆம்பியர் பியூஸ் போட்டால், கோளாறு வரும்போது முதலில் உருகுவது எது? ஒயர். அதாவது நீங்கள் ஒயரையே பியூஸாக மாற்றிவிட்டீர்கள், அதுவும் பெட்ரோல் டேங்க்குக்கு அடியில் மூன்றடி நீளத்துக்கு. பியூஸ் அடிக்கடி போகிறது என்றால் அது பியூஸின் குற்றம் இல்லை. காவல்காரன் குரைக்கிற நாயை அடக்க அதன் வாயைக் கட்டிவிட்டுத் தூங்கப் போன கதையாக இருக்கிறது நாம் செய்வது. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிப் பியூஸ் மாட்டுகிறவர்கள் நாயையே துரத்திவிட்டவர்கள்.

நிறத்தையாவது மனதில் வையுங்கள். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. சிவப்பு இருந்த இடத்தில் சிவப்புதான். மறுபடியும் போனால் வண்டியை எடுத்துக்கொண்டு எலக்ட்ரீஷியனிடம் வாருங்கள், பியூஸ் கடைக்குப் போகாதீர்கள்.

சாவி போடாமல் எப்படி எரிந்தது என்று கேட்கிறீர்களா? பேட்டரியிலிருந்து நேரடியாக இழுத்த லைனுக்கும் சாவிக்கும் சம்பந்தமே இல்லை. தினமும் சூடேறி இளகிப்போன ஒயர். ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியில் சேசிஸோடு உரசி உரசித் தோல் போய், அன்றைக்குத் தொட்டுவிட்டது. சேசிஸ் பேட்டரியின் நெகட்டிவோடு சேர்ந்தது, தொட்டால் ஷார்ட்தான். அதைக் கம்பெனி கிட்டோடு சேர்த்தே டேப் சுற்றியிருந்ததால் பக்கத்து ஒயர்களும் கூடவே போயின.

அடுத்த சமாதானம் ஒன்று உண்டு. "12 வோல்ட்தானேண்ணே, தொட்டாக்கூட ஷாக் அடிக்காது." ஷாக் அடிக்காதுதான். ஆனால் வீட்டில் 60 வாட் பல்பு கால் ஆம்பியர் சொச்சம் இழுக்கும், வண்டியில் அதே 60 வாட் 5 ஆம்பியர் இழுக்கும். சூட்டைத் தீர்மானிப்பது ஆம்பியர். ஆம்பியர் இரண்டு மடங்கானால் ஒயரில் சூடு நான்கு மடங்கு. 12 வோல்ட் பேட்டரி டெர்மினல் இரண்டையும் தவறுதலாக ஸ்பேனரால் தொட்டுப் பொறி பறந்து கையைச் சுட்டுக்கொண்ட எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வார்.

கார்க்காரர்கள் தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். 60/55 வாட் இருக்கிற ஹெட்லைட் ஹோல்டரில் 100/90 வாட் பல்பு மாட்டி, ஹோல்டர் உருகி, ரிஃப்ளெக்டர் மங்கிப்போய், "வெளிச்சம் முன்னைவிடக் கம்மியாயிடுச்சு" என்று வருகிறவர்கள் மாதம் இரண்டு பேர். எதிரே வருகிறவர் கண் கூசிப் போவது தனிக் கணக்கு. சைலன்சர் மாற்றுகிற விஷயத்துக்குள் நான் போகவில்லை, அதைத் தெருவில் இருப்பவர்களே திட்டிக்கொள்கிறார்கள்.

சரி, மாட்டவே கூடாதா? மாட்டலாம். வண்டியில் கூடுதல் வெளிச்சம் வேண்டும் என்பது தப்பே இல்லை, இரவில் பைபாஸில் போகிறவர்கள் கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனால் ஹாரனுக்குத் தனி லைன், லைட்டுக்குத் தனி லைன். இரண்டுக்கும் ரிலே, அதாவது சின்ன கரண்டை வைத்துப் பெரிய கரண்டை ஆன் ஆஃப் செய்கிற ஸ்விட்ச். ரிலேயில் 30 என்று எழுதியிருப்பது பேட்டரிக்கு, 87 லைட்டுக்கு, 86 சாவி ஆன் ஆனால் மட்டும் கரண்ட் வருகிற ஒயரிலிருந்து ஸ்விட்ச் வழியாக, 85 எர்த். பியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், லைட்டுக்குப் பக்கத்தில் இல்லை. 40 வாட் லைட்டுக்கு 1 சதுர மில்லிமீட்டர் ஒயரும் 5 ஆம்பியர் பியூஸும் போதும். ஜோடி ஹாரனுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், 15 ஆம்பியர் பியூஸ். முறுக்கி டேப் சுற்றாதீர்கள். வெயிலில் டேப் பசை இளகிக் கழன்றுவிடும், மழையில் தண்ணீர் உள்ளே போகும். லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோகக் கொக்கி) வைத்து அழுத்துங்கள் அல்லது சால்டர் வைத்து ஸ்லீவ் போடுங்கள். கழுத்துப் பகுதியில் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒயரைக் கட்டுங்கள். சின்ன வண்டிகளின் பேட்டரி 3, 4 ஆம்பியர் அவர்தான், டிராஃபிக்கில் ஐடிலிங்கில் நிற்கும்போது லைட்டை அணைத்து வையுங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 (புதிய புகை விதிப்படி செய்த) வண்டி வைத்திருக்கிறவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். கிட்டில் கண்ட இடத்தில் கிழித்து கரண்ட் எடுக்காதீர்கள், டெஸ்ட் லாம்ப் வைத்துக் குத்தாதீர்கள். அதில் பல ஒயர்கள் 5 வோல்ட்டில் ஓடுகிற சென்சார் லைன்கள். இசியூ, அதாவது இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டர், போனால் நானும் ஒன்றும் செய்ய முடியாது, வேறு வாங்க வேண்டியதுதான்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. எரிந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் கேட்டால் சர்வேயர் முதலில் தேடுவது வெளியிலிருந்து சொருகிய ஒயரைத்தான்.

ஏற்கெனவே எக்ஸ்ட்ரா லைட் மாட்டியிருக்கிறவர்கள் இன்றைக்கு ராத்திரி ஒன்று செய்யுங்கள். இன்ஜினை ஓடவிட்டு லைட்டைப் பத்து நிமிடம் எரியவிடுங்கள். அணைத்துவிட்டு, இன்ஜின் பக்கம் போகாத இடமாகப் பார்த்து ஒயரை, பியூஸ் ஹோல்டரை, ஸ்விட்சை விரலால் தொட்டுப் பாருங்கள். எங்காவது சுட்டால் பியூஸைப் பிடுங்கி வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் வண்டியைக் காட்டுங்கள், அவர் திட்டினால் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள்.