ஸ்லாக் சிமென்ட்: கசடா, கிட்டமா?

உவரிப் பக்கம் வீடு கட்டும் அத்தானோடு சிமென்ட் வாங்கப் போயிருந்தேன். மூட்டையில் 'போர்ட்லேண்ட் ஸ்லாக் சிமென்ட்' என்று போட்டிருந்தது. "ஸ்லாக்னா என்ன அண்ணாச்சி?" என்று அத்தான் கேட்க, "இரும்புக் கசடு" என்றார் கடைக்காரர். அவ்வளவுதான். "கழிவைக் கலந்தா விக்கிய?" என்று மூட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டார் அத்தான்.

பாதிக் குற்றம் சொல்லின் மீதுதான். கசடு என்றதும் நமக்குக் குறளின் 'கசடற' நினைவுக்கு வருகிறது. குற்றம், அழுக்கு என்றே மனம் போகிறது. ஸ்லாக் என்ற சொல்லில் அந்தக் கறை அவ்வளவு இல்லை. அது பழைய ஜெர்மானிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. 'அடித்தல்' என்னும் வினையோடு உறவுடையது என்பார்கள். காய்ச்சிய இரும்பைச் சம்மட்டியால் அடிக்கும்போது தெறிக்கிற சிதறல்தான் முதற்பொருள் போலும்.

அந்தப் பொருளுக்கு நம்மிடம் கிட்டம் என்ற சொல் உண்டு. இரும்புக் கிட்டம் பழையதானால் மண்டூரம். சித்த மருத்துவத்தில் சோகைக்குத் தரும் மண்டூர மருந்து அதிலிருந்து செய்வது. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும். வடமொழியிலும் 'கிட்ட' இருப்பதால் தனித்தமிழ் அன்பர்கள் முகம் சுளிக்கலாம். வெறுமனே 'கிட்டச் சிமென்ட்' என்றால் பக்கத்துக் கடைச் சிமென்ட் என்றும் ஆகிவிடும்! எனவே என் ஓட்டு 'உலைக்கிட்டச் சிமென்ட்' என்பதற்கு. முழுத்தமிழ் வேண்டுவோர் 'உலைக்கிட்டப் பைஞ்சுதை' என்று எழுதலாம், கொத்தனார் சொல்லமாட்டார்.

சரி, பொருள் என்ன? இரும்புத் தாதை நிலக்கரிக் கோக்கும் சுண்ணாம்புக்கல்லும் சேர்த்து ஊதுலையில் உருக்கினால், இரும்பு அடியில் தங்கும். கிட்டம் மேலே மிதக்கும். அதை மெல்ல ஆறவிட்டால் வெறும் கல், ரோட்டுக்கு ஜல்லியாகும். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் பாய்ச்சிச் சட்டென்று குளிர்வித்தால் கண்ணாடித் தன்மையுள்ள மணலாகும். அதற்குப் பிணைக்கும் குணம் உண்டென்று 1862-இல் ஜெர்மனியின் எமில் லாங்கன் கண்டறிந்தார். தாழையூத்து சிமென்ட் ஆலையில் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு எடுக்கும் கிளிங்கரில் (அரைத்தால் சாதாரண சிமென்ட்) உள்ள சுண்ணாம்பும் சிலிக்காவும் அலுமினாவும் இதிலும் இருக்கின்றன, அளவுதான் வேறு. தனியே விட்டால் இது சோம்பேறி. கிளிங்கர் நீரோடு கூடும்போது வெளிவரும் சுண்ணாம்புதான் இதைத் தட்டி எழுப்பும். அதனால்தான் இரண்டையும் கலக்கிறார்கள். ஐஎஸ் 455 என்ற இந்தியத் தர விதிப்படி கிட்டம் 25 முதல் 70 சதவீதம் வரை இருக்கலாம்.

உப்புக்காற்று வீசும் உவரி, இடிந்தகரைக் கரைக்கு இது பொருத்தமானது. காங்கிரீட்டின் நுண்துளைகள் அடைபடுவதால் உப்பு உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைப்பது தாமதமாகும். சூடும் குறைவாகவே கிளம்பும் என்பதால் கனத்த அஸ்திவாரத்துக்கு நல்லது. ஆனால் தொடக்கத்தில் வலு மெதுவாகத்தான் ஏறும். சென்ட்ரிங்கை அவசரப்பட்டுப் பிரிக்கக் கூடாது. குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள் தண்ணீர் விட்டு ஈரம் காயாமல் பார்க்க வேண்டும்.

அத்தான் கடைசியில் அதையே வாங்கினார். பலகை பிரித்த அன்று போன் வந்தது: "மாப்ளே, தூணெல்லாம் பச்சையா இருக்குடே!" கிட்டத்தில் உள்ள கந்தகச் சேர்மத்தால் வரும் நிறம் அது. காற்றுப் பட்டதும் வெளுத்துவிடும் என்றேன். வெளுத்தும் விட்டது.