அரசு அட்டைக்கு மேல் ஒரு டாப்-அப் போட்டால் போதுமா?

முத்தியால்பேட்டையில் ஒரு தம்பதி. கணவருக்கு 74 வயது, மனைவிக்கு 71. வெளிநாட்டில் இருக்கும் மகன் போனில் கேட்டார்: "ஆயுஷ்மான் கார்டுல 5 லட்சம் இருக்கு சார். அதுக்கு மேல ஒரு டாப்-அப் போட்டா போதும்தானே?"

காப்பீட்டு ஆலோசகராக இந்தக் கேள்வியைப் புதுச்சேரியிலும் கடலூரிலும் அடிக்கடி கேட்கிறேன். டாப்-அப் என்பது, குறிப்பிட்ட ஒரு தொகையைத் தாண்டிய பில்லுக்கு மட்டும் பணம் தரும் பாலிசி. கணக்கு சரியாகத்தான் தெரியும். ஆனால் அரசு அட்டையும் டாப்-அப்பும் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கும் பெட்டிகள் அல்ல.

70 வயது நிறைந்தவர்களுக்கு வருமானம் பார்க்காமல் தரும் ஆயுஷ்மான் அட்டை 2024 அக்டோபரில் வந்தது. ஆண்டுக்கு 5 லட்சம். வீட்டில் இருவர் என்றால் இருவருக்கும் சேர்த்துத்தான் அந்தத் தொகை. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் படுத்தால், ஒவ்வொரு சிகிச்சைக்கும் முன்கூட்டியே நிர்ணயித்த தொகுப்புக் கட்டணம் நேராக மருத்துவமனைக்குப் போய்விடும். மற்ற மருத்துவமனைக்குப் போனால் அட்டை செல்லாது. டாப்-அப் பெரும்பாலும் உதவுவது அங்கேதான். அப்போது டிடக்டிபிள், அதாவது முதலில் நாம் ஏற்க வேண்டிய தொகை, நம் கையிலிருந்துதான் போகும்.

டாப்-அப்பா, சூப்பர் டாப்-அப்பா என்பதையும் பார்த்து வாங்குங்கள். டிடக்டிபிள் 3 லட்சம் என்று வையுங்கள். ஒரே ஆண்டில் இரண்டு முறை மருத்துவமனையில் சேர்ந்து, இரண்டு தடவையும் 2 லட்சம் பில். சாதாரண டாப்-அப் ஒவ்வொரு முறையும் தனித்தனியாகக் கணக்குப் பார்க்கும்; பைசா வராது. சூப்பர் டாப்-அப் ஆண்டு முழுக்கக் கூட்டும். 1 லட்சம் வரும். பிரீமியம் குறைவு என்று முதலாவதை வாங்கிவிட்டு அப்புறம் என்னிடம் வருத்தப்பட்டவர்கள் உண்டு.

ரூம் வாடகை வரம்பு, கோ-பே (ஒவ்வொரு பில்லிலும் நாம் ஏற்க வேண்டிய பங்கு) எத்தனை சதவீதம் என்பதையும் கேளுங்கள். வரம்பைத் தாண்டிய ரூம் எடுத்தால் மற்ற பில்களிலும் விகிதப்படி வெட்டு விழக்கூடும்.

எல்லோருக்கும் பாலிசி தேவை என்று நான் சொல்வதில்லை. புதுச்சேரி கோரிமேட்டில் மத்திய அரசு மருத்துவமனையான ஜிப்மர் இருக்கிறது. வரிசையில் காத்திருக்கத் தயார் என்றால், பிரீமியத்தை வங்கியில் போட்டு வைப்பதே சிலருக்கு நல்லது. எனக்குக் கமிஷன் போகும், போகட்டும்.

ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம், அதாவது அந்த நோய்க்குப் பாலிசி பணம் தராத ஆரம்பக் காலம், இப்போது அதிகபட்சம் 3 ஆண்டுகள். "சுகரை எழுத வேண்டாம் சார், பிரீமியம் ஏறும்" என்று சொல்லும் ஏஜெண்டை நம்பாதீர்கள். கிளெய்ம் நிராகரிக்கப்படும்போது அவர் வரமாட்டார்.

அந்த வீட்டில் விண்ணப்பத்தை நிரப்பும்போது பெரியவர் தயங்கினார். "பத்து வருஷத்துக்கு முன்னாடி வெச்ச ஸ்டென்ட். அதையும் எழுதணுமா?"

நான் பதில் சொல்வதற்குள் அம்மா பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டார்.