மூன்றாவது டிஸ்க்கைச் செருகும் முன்

"இடம் பத்தலைன்னு இன்னொரு டிஸ்க் போட்டேன் சார், எல்லாம் போயிடுச்சு." டேட்டா ரெக்கவரிக்கு வரும் வீட்டு நாஸ் பெட்டிகளோடு (பல டிஸ்க் போட்டு, வீட்டு நெட்வொர்க்கில் ஃபைல்களைச் சேமிக்கும் பெட்டி) இந்த வாசகமும் சேர்ந்தே வருகிறது. இந்த வாரமும் வந்தது. குழந்தை பிறந்த நாளிலிருந்து எடுத்த படம் அத்தனையும் அதில்தான். பேக்கப் எங்கே என்று கேட்டால், "அதான் ரெய்டு போட்டிருக்கேனே!"

ரெய்டு என்பது பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் ஏற்பாடு, அது பேக்கப் இல்லை. எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் ஏறுவதே இல்லை. ஒரு டிஸ்க் செத்தாலும் பெட்டி நிற்காமல் ஓடும், ரெய்டு தருவது அவ்வளவுதான். ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும் மிர்ரரில் (ரெய்டு 1) கைதவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் அதே நொடியில் அழியும். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தால் இரண்டும் சேர்ந்தே பூட்டிக்கொள்ளும். அடாப்டர் கெட்டு அதிக வோல்டேஜ் போனால் இரண்டும் சேர்ந்தே கருகும். பெட்டியே திருடு போனால் ரெய்டு 1 ஆனாலும் 6 ஆனாலும் ஒன்றுதான். ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்தில் ஃபைல்கள் இருந்த நிலையின் பதிவு) இருக்கிறது என்பவர்களுக்கு: அதுவும் அதே டிஸ்க்குகளின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. பேக்கப் என்றால் வேறொரு டிஸ்க்கில், கழற்றித் தனியே வைத்த இன்னொரு பிரதி. அதிலிருந்து நாலு ஃபைலைத் திறந்து பார்த்திருக்கவும் வேண்டும்.

டிஸ்க் சேர்க்கும் வேலைக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்? இரண்டு டிஸ்க் மிர்ரரை மூன்று டிஸ்க் ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு டேட்டாவை எடுக்கும் முறை) ஆக்கும்போது, உள்ளே இருக்கும் அத்தனையும் படிக்கப்பட்டு மறுபடி எழுதப்படுகிறது. 4 டெராபைட் டிஸ்க்குகளுக்கே ஒரு நாளைத் தாண்டும். நாலைந்து வருடம் ஓடிய பழைய டிஸ்க்குகள் அவ்வளவு நேரமும் ஓய்வில்லாமல் உழைக்கும். யாரும் தொடாத மூலையில் கெட்டுக் கிடக்கும் செக்டர் (டிஸ்க்கில் டேட்டா எழுதும் சிறு துண்டு) அப்போதுதான் வெளியே வரும். பழையதைக் கழற்றிப் பெரியதைப் போடுகிறீர்கள் என்றால் நிலைமை இன்னும் மோசம். ரெய்டு 1-லும் 5-லும், புது டிஸ்க்கில் டேட்டாவை மறுபடி நிரப்பும் ரீபில்டு முடியும்வரை, ஒரு டிஸ்க் செத்தாலும் ஓடும் என்ற பாதுகாப்பும் கிடையாது.

வாங்கும்போதே கணக்குப் போடுங்கள். எஸ்எச்ஆர்-ல் (வெவ்வேறு அளவு டிஸ்க்குகளைச் சேர்க்க விடும் சினாலஜியின் ரெய்டு முறை) 4, 4 டெராபைட் இருக்கும் இடத்தில் 8 சேர்த்தால் மொத்தம் 16, கையில் கிடைப்பது 8 தான். புது டிஸ்க்கின் பாதி, இன்னொரு 8 வரும்வரை சும்மா கிடக்கும். டிராயரில் கிடக்கும், இருப்பதைவிடச் சிறிய பழைய 2 டெராபைட்டைப் பெட்டி ஏற்கவே ஏற்காது.

எஸ்எம்ஆர் டிஸ்க் (தடங்களை ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி நெருக்கி எழுதுவது) வேண்டவே வேண்டாம். தொடர்ந்து எழுத எழுத வேகம் படுத்துவிடும். பதில் வரத் தாமதமானால் டிஸ்க் செத்துவிட்டது என்று நாஸ் அதை வெளியே தள்ளிவிடும், அதுவும் பாதி ரீபில்டில். வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரை எஸ்எம்ஆர் என்று சொல்லாமலே விற்றது 2020-ல் அம்பலமானது. அதன் பிறகே சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத) டிஸ்க்குகளுக்கு ரெட் பிளஸ் என்று தனிப் பெயர் வந்தது. பெட்டியில் 'நாஸ்' என்று இருக்கிறதே என்று நம்பாமல், மாடல் எண்ணை நிறுவனத்தின் டேட்டாஷீட்டில் பாருங்கள். சீகேட்டின் ஐயன்வுல்ஃப் வரிசை முழுக்க சிஎம்ஆர்.

புது டிஸ்க் வந்ததும் நேரே பூலில் (நாஸின் டிஸ்க் கூட்டில்) சேர்க்காதீர்கள். முதலில், டிஸ்க் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் முழு நீள ஸ்மார்ட் டெஸ்ட். 8 டெராபைட்டுக்கு அரை நாளுக்கு மேல் ஆகும், ஆகட்டும். பழைய டிஸ்க்குகளுக்கும் அதே டெஸ்ட், கூடவே டேட்டா ஸ்கிரப்பிங் (உள்ளே உள்ள டேட்டாவை முழுக்கப் படித்துப் பிழை தேடுவது). ரீஅலோகேட்டட் (கெட்டுப்போய் மாற்றப்பட்டவை), பெண்டிங் (சந்தேகத்தில் இருப்பவை) செக்டர் எண்ணிக்கை பூஜ்யத்தைத் தாண்டியிருந்தால் விரிவாக்கத்தை நிறுத்திவிட்டு அந்த டிஸ்க்கை முதலில் கவனியுங்கள். வேறு கணினியிலிருந்து கழற்றிய டிஸ்க் என்றால் அதில் உள்ளதை எடுத்துவிட்டுச் செருகுங்கள். சேர்க்கும்போது நாஸ் அதைத் துடைத்துவிடும்.

வீட்டு இன்வெர்ட்டரை மட்டும் நம்ப வேண்டாம். கரண்ட் போய் அது மாறும் இடைவெளியிலேயே சில பெட்டிகள் ரீஸ்டார்ட் ஆகிவிடுகின்றன. நாஸோடு யூஎஸ்பி கேபிளில் பேசும் யூபிஎஸ் வேண்டும். பேட்டரி இறங்கினால் அதுவே பெட்டியை ஒழுங்காக மூடும். கேபிளை மாட்டினால் போதாது, செட்டிங்கிலும் இயக்கிவிடுங்கள்.

இத்தனைக்கும் மீறி நாஸ் திரையில் 'கிராஷ்டு' (டிஸ்க் கூட்டு குலைந்துவிட்டது) என்று வந்தால், தயவுசெய்து எதையும் அழுத்தாதீர்கள். டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸ் கணினியில் மாட்டிப் பார்ப்பதுதான் அடுத்த கொடுமை. உள்ளே இருப்பது எக்ஸ்ட்4 அல்லது பிடிஆர்எஃப்எஸ் என்ற லினக்ஸ் ஃபைல் அமைப்பு, விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. 'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்கும், பதற்றத்தில் சரி என்று தட்டிவிடுவார்கள். மீட்டிருக்கக்கூடிய எத்தனையோ டிஸ்க்குகள் அந்த ஒரு கிளிக்கில்தான் கெட்டுப்போகின்றன. பெட்டியை மெனுவிலிருந்து ஷட்டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்குங்கள். ஒவ்வொரு டிஸ்க்கும் எந்த ஸ்லாட்டில் இருந்தது என்று போட்டோ எடுத்து, டிரேயிலேயே 1, 2, 3 என்று ஸ்டிக்கர் ஒட்டி, 'செத்துப்போன' டிஸ்க்கையும் தூக்கிப் போடாமல் எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள்.