சர்வர் நனையாது, சாவி யார் கையில்?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்தது. அது வடிவதற்குள், சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணை வழியே வந்து கடலூர்ப் பக்கம் ஊர்களுக்குள் புகுந்தது. கடைகளின் கணினி வேலைகளைப் பார்த்துத் தரும் எனக்கு அந்த வாரம் வந்த போன்கள் ஏறக்குறைய எல்லாமே ஒரே கேள்விதான்: "சார், சிபியு தண்ணியில நின்னுடுச்சு. டேலி டேட்டாவ எடுத்துக் குடுக்க முடியுமா?" டேலி என்பது கடைக் கணக்கு எழுதும் மென்பொருள். கேட்டவர்கள் 2011 தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்தவர்கள்தான். அப்படியும் கணக்கு இருக்கும் அந்த சர்வர் கணினி மேசைக்கு அடியிலேயே இருந்தது.

அதன் பிறகு பலர் கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் வெளியிடத்துச் சர்வருக்கு, மாறினார்கள். நானும் சிலருக்கு மாற்றிக் கொடுத்தேன். அது சரியான முடிவு என்றுதான் இன்றும் சொல்வேன். மாற்றும்போது விட்டுவிடுகிற விஷயங்கள்தான் என்னைக் கவலைப்பட வைக்கின்றன.

பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரி வியாபாரி. வாடகை சர்வரில் டேலி. சர்வர் நிறுவனத்தில் கணக்கைத் திறந்தவர் அவரிடம் வேலை பார்த்த பையன். தன் சொந்த மெயிலையும் சொந்த போன் நம்பரையும் கொடுத்துத் திறந்திருக்கிறார். பணம் மட்டும் முதலாளியின் கார்டில். பையன் நல்ல வேலை கிடைத்து பெங்களூரு போய்விட்டார். சில மாதம் கழித்து கார்டு காலாவதியானது. பாக்கி நோட்டீஸ் எல்லாம் அந்தப் பழைய மெயிலுக்கே போய்க்கொண்டிருந்தது, யாரும் பார்க்கவில்லை. ஒருநாள் காலை சர்வர் நின்றுபோனது. ஜிஎஸ்டி தாக்கலுக்கு 2 நாள்தான் பாக்கி. பையன் நல்ல மனசுக்காரர், போனிலேயே ஓடிபி சொன்னார். மனஸ்தாபத்தோடு போயிருந்தால்? அந்த வியாபாரியின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

தலைமை லாகின் நிறுவனத்தின் மெயிலில், முதலாளி கையில் இருக்கும் நம்பரில் இருக்கட்டும். ஊழியருக்கும் என்னைப் போன்ற ஆட்களுக்கும் தனித்தனி லாகின் போதும். நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண்ணையும் அப்போதே பதிந்துவிடுங்கள். விட்டுவிட்டால், பில்லில் கட்டும் 18% வரியை உள்ளீட்டு வரியாக எடுக்க, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள, முடியாது.

"கிளவுடுல இருக்கே, பேக்கப் எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஸ்ட்ராஸ்பர்க் கதை. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் அந்த நகரில் சர்வர்களை வாடகைக்கு விடும் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் (சர்வர்கள் இருக்கும் கட்டடம்) ஒன்று தீப்பிடித்து எரிந்தது. பேக்கப்பையும், அதாவது தரவின் மாற்று நகலையும், அதே வளாகத்தில் வைத்திருந்த சிலருக்கு எதுவுமே மிஞ்சவில்லை. கட்டடம், மின்சாரம், வன்பொருள் ஆகியவை சேவை தருபவரின் பொறுப்பு. உங்கள் தரவு உங்கள் பொறுப்பு. ஒப்பந்தத்திலேயே அப்படித்தான் இருக்கும். நீங்கள் பிரைவேட் லிமிடெட் என்றால் இன்னொன்றும் உண்டு: கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும் என்று 2022-இல் விதியைத் திருத்தியிருக்கிறார்கள். ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு ஆபத்து நம் ஊரில் சர்வசாதாரணம். வீட்டிலிருந்தும் டேலி பார்க்க வேண்டும் என்று ரிமோட் டெஸ்க்டாப்பை (தூரத்திலிருந்தே கணினியை இயக்கும் வசதி) இணையம் முழுக்கத் திறந்து வைத்துவிடுகிறார்கள். பாஸ்வேர்டு கடை பெயரும் 123-உம். கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் கும்பல்கள் தேடி அலைவது இந்தக் கதவைத்தான். விபிஎன் (உங்கள் ஆட்கள் மட்டும் நுழையும் பாதுகாப்பான தனி இணைய வழி), இரட்டைச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு ஓடிபி போன்ற இன்னொரு சோதனை) இரண்டும் இல்லாமல் திறக்கவே திறக்காதீர்கள்.

புயலில் கரண்ட்டும் நெட்டும் போனால் கிளவுடு எட்டாது என்பதும் உண்மை. அதற்கு அச்சடித்த பில் புத்தகம் ஒன்று கடையில் இருக்கட்டும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், அக்டோபரில், பேக்கப்பை எடுத்து வேறொரு கணினியில் திறந்து பார்க்கச் சொல்கிறேன். முந்திரிக்காரர் கடையில் சென்ற ஆண்டு செய்தோம். முதல் முறை திறக்கவில்லை. பேக்கப் ஓடியதாகக் காட்டியும் 3 வாரமாகக் காலிக் கோப்புதான் சேர்ந்திருந்தது. சரிசெய்து மறுபடி எடுத்தோம். மாலையில் அவரே உட்கார்ந்து, கையிருப்பு மூட்டைக் கணக்கைப் பழைய நோட்டோடு வரிவரியாக ஒத்துப் பார்த்தார்.