கீமோடாக்சிஸ் என்பதற்குத் தமிழ் என்ன?

பாலக்காட்டின் கிழக்கெல்லையில், கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பகுதிகளில் தமிழ்வழியில் பயிலும் பிள்ளைகளுக்கு இரத்த வெள்ளையணு என்பதும் தெரியும், அதையே மலையாளத்தில் ‘ஸ்வேதரக்தாணு’ என்பதும் தெரியும். ‘கீமோடாக்சிஸ்’ வந்தால் மட்டும் பொருள் கேட்காமல் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். வெள்ளையணு எப்படி வழியறிந்து நகர்கிறது என்ற செய்தி முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது.

‘டாக்சிஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஒழுங்குபட நிறுத்துதல் என்பது முதற்பொருள். உயிரியலில் அது, ஒரு தூண்டலை நோக்கியோ அதைவிட்டு விலகியோ உயிரணு இடம்பெயர்வதைக் குறிக்கும். ‘கீமோ’ என்ற முன்னொட்டு, அத்தூண்டல் ஒரு வேதிப்பொருள் என்பதைச் சொல்கிறது. ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பெஃபர், பெரணியின் ஆண் இனச்செல்கள் மாலிக் அமிலத்தை நாடி நீந்துவதை 1884இல் விளக்கினார். வெள்ளையணுக்களுக்கும் இவ்வியல்பு உண்டென்று 1888இல் கண் மருத்துவர் தியோடர் லேபர் காட்டினார்.

காலில் முள் தைத்துச் சீழ் கட்டினால், அச்சீழில் பெரும்பகுதி அங்கு வந்து குவிந்த நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்களே. கிருமிகள் வெளிவிடும் ஃபார்மைல் பெப்டைடுகள் என்னும் சிறு புரதத் துண்டுகளும், திசு வெளிவிடும் இன்டர்லூக்கின்-8 என்னும் சமிக்ஞைப் புரதமும் காயத்தருகே செறிந்தும் விலகவிலகக் குறைந்தும் பரவுகின்றன. பத்துப் பன்னிரண்டு மைக்ரோமீட்டர் அகலமே உள்ள இந்த அணு, தன் இரு பக்கங்களுக்கிடையே ஓரிரு விழுக்காடு செறிவு வேறுபட்டாலும் அதை உணர்ந்துகொள்வது உண்மையிலேயே வியப்புக்குரியது. இவ்வேதிப்பொருள்களை உணரும் அணுப்படல ஏற்பிகள், உள்ளே செய்தி கடத்தும் ஜி-புரதத்தைத் தூண்ட, பிஐ3-கைனேஸ் நொதியின் வழியே முன்பக்கத்தில் ராக் புரதம் விழித்து, ஆக்டின் என்னும் புரத இழைகளை வளரச்செய்து படலத்தை முன்னே தள்ளுகிறது. பின்பக்கத்திலோ ரோ புரதம் மயோசின் என்னும் இயக்கப் புரதத்தைச் சுருங்கச்செய்து வாற்பகுதியை இழுத்துக்கொள்கிறது. இவ்விரு சமிக்ஞை வழிகளும் ஒன்றையொன்று அடக்குவதால்தான் அணுவுக்கு முன் எது, பின் எது என்பது நிலைபெறுகிறது.

ஆகவே தமிழ்ச் சொல்லில் திசை இருந்தாக வேண்டும். ‘வேதிச்சார்பசைவு’ பொருந்தாது, அது மகரந்தக் குழல் சூலை நாடி வளர்வது போன்ற வளர்ச்சியசைவுக்குரியது. ‘வேதியீர்ப்பு’ என்றால் விலகிச்செல்வது விடுபடும். ‘வேதித்தூண்டல் நகர்வு’ நல்ல சொல்தான், ஆனால் திசையின்றி வேகம் மட்டும் கூடும் கீமோகைனெசிஸுக்கே அதை ஒதுக்குவது முறை. கீமோடாக்சிஸுக்கு ‘வேதித்திசை நகர்வு’ என்பதையே நான் பரிந்துரைக்கிறேன். அணுவைத் தன்பால் ஈர்க்கும் பொருளை ‘வேதியீர்ப்பி’ எனலாம்.