பாலிசி வரட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்

"அண்ணே, மனநல டாக்டர்கிட்டப் போனா அது ரெக்கார்டுல வந்துடும்ல? பாலிசி கைக்கு வந்ததும் போறேனே." நிதி ஆலோசகரான என்னிடம் இளம் வாடிக்கையாளர்கள் அடிக்கடி இப்படிக் கேட்கிறார்கள். தூக்கம் கெட்டு மாதக்கணக்கில் தவிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது மருத்துவரை. காப்புறுதி அப்புறம்தான்.

அதோடு, அப்படிக் காத்திருந்து வாங்கும் கடும் நோய்ப் பாலிசி, அதாவது பட்டியலில் உள்ள கடும் நோய் வந்தால் பணம் தரும் காப்புறுதி, பெரும்பாலும் மனநோய்க்குப் பணம் தருவதே இல்லை. சிங்கப்பூர் ஆயுள் காப்புறுதிச் சங்கம் 37 கடும் நோய்களுக்குப் பொது வரையறை வைத்திருக்கிறது. புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், முற்றிய மறதிநோய்கூட அதில் உண்டு. மனச்சோர்வும் மனச்சிதைவும் இல்லை. சில நிறுவனங்கள் இவற்றைத் தனியாகச் சேர்த்துத் தருகின்றன. சரி, வாங்கலாம். ஆனால் யார் உறுதிப்படுத்த வேண்டும், நோய் எவ்வளவு கடுமையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளைப் படித்துவிட்டு வாங்குங்கள். பாலிசி கைக்கு வந்தபின் மனம் மாறினால் திருப்பிக் கொடுக்க 14 நாள் அவகாசம் இருக்கிறது.

வேலை விண்ணப்பத்தில் மனநல வரலாற்றைக் கேட்கக் கூடாது என்ற வழிகாட்டுதல் 2020 முதல் நடப்பில் உள்ளது. அதே நினைப்பில் சிலர் காப்புறுதிப் படிவத்திலும் மனநலக் கேள்விக்கு 'இல்லை' என்று குறித்துவிடுகிறார்கள். இங்கே அது ஆபத்து. தெரிந்ததை மறைத்தால், பின்னாளில் புற்றுநோய்க்குக் கேட்கும்போதுகூடப் பாலிசி செல்லாது என்று நிறுவனம் சொல்லிவிடலாம். என்ன மாத்திரை, எப்போது தொடங்கியது, இப்போது எப்படி இருக்கிறது என்று மருத்துவரின் கடிதத்தோடு சொல்லுங்கள். சிலருக்குச் சந்தா கூடும். சிலருக்கு மனநோயை மட்டும் விலக்குவார்கள். சிலரைக் கொஞ்ச காலம் கழித்து வரச் சொல்வார்கள், சிலரை மறுத்தும் விடுவார்கள். மனநோயை விலக்கினாலும் மற்ற நோய்களுக்குப் பாதுகாப்பு கிடைக்கிறதென்றால் ஏற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வேன். மறுத்தால் வேறு நிறுவனத்திடம் கேட்டுப் பாருங்கள். எதுவானாலும், புதியது உறுதியாகும்வரை பழைய பாலிசியை ரத்து செய்யாதீர்கள்.

சிங்கப்பூர் அரசாங்கத்தின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்ட் லைஃப் பற்றிப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2015 நவம்பரில் தொடங்கிய இத்திட்டத்தில், முன்பே நோய் உள்ளவர்கள் உட்பட எல்லாக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் இருக்கிறார்கள். மருத்துவமனையில் தங்கிப் பெறும் மனநலச் சிகிச்சைக்கும் குறிப்பிட்ட வரம்புவரை உதவுகிறது. மனச்சோர்வு, மனப்பதற்றம், இருமுனைக் கோளாறு, மனச்சிதைவு ஆகியவற்றுக்கு வெளிநோயாளியாகப் பெறும் சிகிச்சைக்கு மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புக் கணக்கில் உள்ள பணத்தையும் பயன்படுத்தலாம். இன்றிரவே யாரிடமாவது பேச வேண்டும்போல இருந்தால், தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்ஸின் 1767 எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம்.