உறைபழம் இறக்குமதி: குளிரை நம்பி ஆர்டர் போடாதீர்கள்

உறையவைத்த பழங்களை இறக்குமதி செய்ய நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "என்னென்ன சர்டிபிகேட் வேண்டும்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "பழத்தைப் பறிப்பது யார், எந்தத் தண்ணீரில் கழுவுகிறார்கள்?" என்று. இதைக் கேட்டதும் பலர் குழம்பிப்போகிறார்கள். மைனஸ் 18 டிகிரியில் எந்தக் கிருமி பிழைத்திருக்கப் போகிறது என்ற நம்பிக்கை அவர்களுக்கு.

பிழைத்திருக்கும். அந்தக் குளிரில் பாக்டீரியாக்கள் பெருகாது, அவ்வளவுதான். லிஸ்டீரியா, சால்மோனெல்லா போன்றவற்றில் ஒரு பங்கு சாகலாம்; மீதி அப்படியே காத்திருந்து, பழம் இளகியதும் வேலையைத் தொடங்கும். வைரஸ்கள் விஷயம் இன்னும் மோசம். வாந்தி, வயிற்றுப்போக்கு தரும் நோரோவைரஸும் மஞ்சள்காமாலை தரும் ஹெபடைட்டிஸ் ஏ வைரஸும் பழத்தின் மேல் பெருகுவதே இல்லை. பெருக வேண்டிய தேவையும் இல்லை, மிகச் சிறிய அளவு உடலுக்குள் போனாலே நோய் வந்துவிடும். உறைநிலை அவற்றைக் கொல்வதில்லை, மாதக்கணக்கில் பத்திரமாக வைத்திருக்கிறது.

2012-இல் ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில், பெரும்பாலும் பள்ளிகளிலும் குழந்தைகள் காப்பகங்களிலும், ஏறக்குறைய 11,000 பேர் வாந்தி, வயிற்றுப்போக்கால் அவதிப்பட்டார்கள். காரணம், சீனாவிலிருந்து வந்த உறைந்த ஸ்ட்ராபெர்ரியில் இருந்த நோரோவைரஸ். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் உறைந்த பழக்கலவை ஒன்றைச் சாப்பிட்ட 165 பேருக்கு ஹெபடைட்டிஸ் ஏ வந்தது. அந்தக் கலவையில் பல பழங்கள் இருந்தன. விசாரணை போய் நின்றது துருக்கியிலிருந்து வந்த மாதுளை முத்துகளில்.

இந்த வைரஸ்கள் மனித மலத்திலிருந்து வருபவை. கை கழுவ வசதியில்லாத தோட்டம், உடம்பு சரியில்லாமலும் வேலைக்கு வரும் தொழிலாளி, கழிவு கலந்த பாசனநீர் எனப் பல வழிகள் உண்டு. ஸ்ட்ராபெர்ரி, ராஸ்பெர்ரி போன்ற மென்மையான பழங்களைக் கையால்தான் பறிக்கிறார்கள். மேற்பரப்பில் மேடுபள்ளம் அதிகம் என்பதால், கழுவினாலும் வைரஸ் முழுதாகப் போவதில்லை. பலமுறை ஆலையிலேயே சூடுபடுத்தாமல் நேராக உறையவைத்துவிடுவார்கள். ஆகவே பழம் பாதுகாப்பானதா என்பது துறைமுகத்துக்கு வருவதற்கு வெகுமுன்பே, பறிக்கும் இடத்திலேயே முடிவாகிவிடுகிறது. சப்ளையரிடம் தொழிலாளர்களுக்கான கழிப்பறை, கைகழுவும் வசதி, நோய் விடுப்பு, தண்ணீர்ப் பரிசோதனை பற்றியெல்லாம் கேளுங்கள். "நாங்கள் பல தோட்டங்களில் வாங்குகிறோம், எல்லாவற்றின் விவரமும் தெரியாது" என்று பதில் வந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

"லேப் ரிப்போர்ட் இருக்கிறதே" என்பார்கள். இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு லாட்டில், அதாவது ஒரே தொகுதியாகத் தயாரான சரக்கில், நூற்றுக்கு ஒரு பாக்கெட்டில் கிருமி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதேச்சையாக 5 பாக்கெட் எடுத்துச் சோதித்தால், அதைப் பிடிக்கும் வாய்ப்பு சுமார் 5 சதவீதம்தான். 60 பாக்கெட் எடுத்தாலும் 45 சதவீதத்தைச் சுற்றியே நிற்கும். 95 சதவீதத்தை எட்ட வேண்டுமானால் 300 பாக்கெட் வரை சோதிக்க வேண்டும். அந்தச் செலவை யாரும் செய்வதில்லை. எனவே "கிருமி இல்லை" என்ற ஒரு ரிப்போர்ட்டை, சோதித்த பாக்கெட்டுகளைப் பற்றிய தகவலாக மட்டும் படியுங்கள். அப்புறம், வழக்கமான பரிசோதனைப் பட்டியலில் ஈ.கோலை, சால்மோனெல்லா போன்ற பாக்டீரியாக்களோடு நிறுத்திவிடுவார்கள். ஈ.கோலை இல்லாததால் வைரஸும் இல்லை என்று ஆகாது. பெர்ரி வகைகளுக்கு நோரோவைரஸ், ஹெபடைட்டிஸ் ஏ சோதனையைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

பூச்சிமருந்து எச்சத்தையும் ஆர்டருக்கு முன்பே பார்த்துவிடுங்கள். விளையும் நாட்டில் அனுமதித்த அளவு, நீங்கள் இறக்கும் நாட்டில் அனுமதிக்கப்படாமல் போகலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் தனி வரம்பு குறிக்காத மருந்துக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் பொது வரம்பு.

குளிர்ச் சங்கிலி, அதாவது ஆலை முதல் கிடங்குவரை குளிர் குறையாமல் சரக்கைக் கொண்டுவரும் ஏற்பாடு, இந்த விஷயத்தில் பலரும் தவறாக நினைப்பது ஒன்று உண்டு. ரீஃபர் எனப்படும் குளிர்சாதன கன்டெய்னர் சரக்கைக் குளிரவைக்கும் இயந்திரம் அல்ல. ஏற்கனவே இருக்கும் குளிரைக் காப்பது மட்டும்தான் அதன் வேலை. மைனஸ் 10-இல் ஏற்றிய பழம் கடல் பயணத்தில் தானாக மைனஸ் 18-க்கு இறங்கிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஏற்றும்போதே பழத்தின் உள்வெப்பநிலையை அளந்து பதிவு செய்யச் சொல்லுங்கள். கன்டெய்னருக்குள், முக்கியமாகக் கதவுப் பக்கம், வெப்பநிலையைத் தொடர்ந்து பதிவு செய்யும் டேட்டா லாகர் கருவியை வைக்கச் சொல்லுங்கள். சரக்கு வந்ததும் பாக்கெட்டைத் தொட்டுப் பாருங்கள். தனித்தனியாக உறையவைத்த பழம் குலுக்கினால் தனித்தனியாக உருள வேண்டும். ஒரே கட்டியாக இறுகியிருந்தாலோ, பாக்கெட்டின் அடியில் சாறு உறைந்து கிடந்தாலோ, வழியில் எங்கோ இளகி மறுபடி உறைந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அப்போது லாகரின் பதிவைத் திறந்து பார்க்காமல் சரக்கை ஏற்காதீர்கள்.

பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு, பல நாடுகளின் சட்டம் இறக்குமதியாளரைத்தான் கைகாட்டுகிறது. அமெரிக்காவில் 2011-இல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வெளிநாட்டு சப்ளையர் பாதுகாப்பாக உற்பத்தி செய்கிறாரா என்று சரிபார்ப்பது இறக்குமதியாளரின் கடமை. சுங்க வேலைகளைப் பார்க்கும் கிளியரிங் ஏஜென்ட் காகிதங்களைச் சரியாக முடித்துக்கொடுப்பார். இந்தக் கடமையை அவர் ஏற்க மாட்டார்.

வாங்குபவர் பழத்தை என்ன செய்யப் போகிறார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஜாம் காய்ச்சும் ஆலைக்குப் போகும் பழம் கொதிக்கும். ஸ்மூத்தியிலும் கேக்கின் மேலும் போவது அப்படியே வாய்க்குள் போகிறது. ஹெபடைட்டிஸ் ஏ வைரஸைச் செயலிழக்கச் செய்ய, பழத்தின் நடுப்பகுதிவரை 85 டிகிரியில் ஒரு நிமிடமாவது இருக்க வேண்டும். சமைக்காமல் சாப்பிடும் பயன்பாட்டுக்கு ஒரு தரம், சமைப்பதற்கு ஒரு தரம் என்று ஒப்பந்தத்திலேயே பிரித்து எழுதுங்கள். சூடுபடுத்திய பிறகே பயன்படுத்த வேண்டும் என்றால், அதை லேபிளில் தெளிவாகப் போடுங்கள்.

கடைசியாக, ஹெபடைட்டிஸ் ஏ அறிகுறி தெரிய 15 முதல் 50 நாட்கள் ஆகும். அதற்குள் பழம் சாப்பிட்டு முடிந்திருக்கும், பாக்கெட் குப்பைக்குப் போயிருக்கும். மிஞ்சுவது உங்கள் பதிவேடு மட்டும்தான். அதனால் கிடங்கிலிருந்து ஏதாவது ஒரு பாக்கெட்டை எடுத்து, அதன் லாட் எண்ணை வைத்து எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது, அதே லாட் வேறு யாருக்கெல்லாம் போயிருக்கிறது என்று ஒரே நாளில் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால், அடுத்த ஆர்டருக்கு முன்னால் அதைச் சரிசெய்யுங்கள்.